சால மரத்திலிருந்து சிம்ரு வரை: கட்வால் மலைப் பாதையில்

மே 4, ரிஷிகேஷ் – ஊக்கிமட்

காலை ஐந்தரை மணிக்கே ரிஷிகேஷில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சாலை முழுக்க கேதார்நாத், பத்ரிநாத் போகிற வண்டிகள். நாங்களும் அதே பக்கம்தான் போகிறோம் என்றாலும் மரம் பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று சொன்னபோது ஓட்டுநர் திரும்பிப் பார்த்துவிட்டு, "மரம் உங்கள் ஊரில் இல்லையா பைஜி?" என்றார். கட்வாலியில் அண்ணனுக்கு பைஜி. கூட வந்திருப்பது என் சித்தப்பா. நீலகிரியில் ஃபாரஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மரம் என்றால் எழுபது வயதிலும் மலை ஏறுவார், ஆனால் மரம் பற்றி அடுத்தவர் சொல்வது எதையும் சட்டென்று நம்பமாட்டார்.

இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ரிஷிகேஷ் கடல் மட்டத்திலிருந்து 370 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கிருந்து ஒரு நாள் வண்டிப் பயணம், அப்புறம் அரை நாள் நடை. அதற்குள் மரமே வளராத உயரத்துக்குப் போய்விடலாம். மலையில் 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். அப்படியானால் பூமி ஒரு டிகிரி சூடானால், ஒரு மரத்துக்குப் பழகிய குளிர் 160 மீட்டர் மேலே போய்விட்டது என்று அர்த்தம். சமவெளியில் அதே குளிரைத் தேடி வடக்கே 150 கிலோமீட்டர் போல போக வேண்டியிருக்கும். அதனால் மரங்கள் குளிரைத் தேடி நகர்வதைப் பார்க்க மலைதான் வசதி. கணக்கு சுலபம். மரங்கள் அந்தக் கணக்குப்படி நடக்கின்றனவா என்பதுதான் விஷயம்.

ஊரைத் தாண்டியதும் சால மரக்காடு. நேரான தண்டு, பெரிய பளபளப்பான இலை. சித்தப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு காய்க் கொத்தைக் கையில் எடுத்தார். சிறகு வைத்த காய், இன்னும் பச்சை. ஜூனில் முற்றி, பருவமழை தொடங்கும் நேரத்தில் சுற்றிச் சுற்றிக் கீழே விழும். விழுந்தபின் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அதற்குள் ஈரம் கிடைத்து முளைக்காவிட்டால் விதை செத்துப்போகும். சேமித்து வைக்க முடியாத விதை இது. காய் முற்றும் நாளும் மழை வரும் நாளும் ஒத்துப்போக வேண்டும். சூடு கூடி காய் இரண்டு வாரம் முன்னால் முற்றிவிட்டால்? மழை இரண்டு வாரம் தள்ளிப்போனால்? இந்த மரம் மேலே ஏறுமா என்று கேட்பதற்கு முன்னால், இருக்கும் இடத்திலேயே அடுத்த தலைமுறை வருமா என்று கேட்க வேண்டும்.

தேவப்பிரயாகையில் தேநீர். அலக்நந்தாவும் பாகீரதியும் சேர்ந்து கங்கையாகிற இடம்; தமிழ் வைணவர்களுக்குக் கண்டமென்னும் கடிநகர். படித்துறையில் எங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர், காஞ்சிபுரம் குழு ஒன்று. ஸ்ரீநகரில் (காஷ்மீர் இல்லை, கட்வால்) நல்ல வெயில். இரண்டு பக்கமும் சீட் மரங்கள், அதாவது இமயமலையின் நீள ஊசி பைன். ருத்ரப்பிரயாகையில் மந்தாகினி பக்கம் திரும்பி, இருட்டுவதற்குள் ஊக்கிமட் வந்து சேர்ந்தோம். மெத்தை சரியில்லை. ரொட்டி நன்றாக இருந்தது.

மே 5, சாரி கிராமம், தேவரியா தால்

நேற்று முழுக்கப் பார்த்த சீட் காட்டுக்கும் இன்று பார்த்த பாஞ்ச் காட்டுக்கும் வித்தியாசம் தெரிய தாவரவியல் தேவையில்லை, கால் போதும். சீட் காட்டில் தரை காய்ந்து வழுக்கும். உதிர்ந்த ஊசிகளை இங்கே பிருல் என்கிறார்கள். அது மட்கவே மட்காது போல, அடுக்கடுக்காகக் கிடக்கிறது. பாஞ்ச் என்பது ஓக் வகை. அதன் கீழே தரை மெத்தென்று ஈரமாக இருக்கும், பாறையில் பாசி, கிளையில் பெரணி. பாஞ்ச் வேர் இருக்கிற இடத்தில் குளிர்ந்த தண்ணீர் இருக்கும் என்று கட்வாலில் எல்லோரும் சொல்கிறார்கள். ஊற்றுக்கு இங்கே தாரா என்று பெயர். சாரிக்கு மேலே நாங்கள் குடித்த தாராவைச் சுற்றி நின்றது முழுக்க பாஞ்ச்தான்.

பழைய கணக்குப்படி சீட் 900 முதல் 1,800 மீட்டர் வரை, பாஞ்ச் அதற்கு மேலே 2,200 வரை. எல்லைக்கோடு அவ்வளவு கறாராக எப்போதும் இருந்ததில்லை. ஆனால் பாஞ்ச் காட்டுக்குள்ளே சீட் கன்றுகள் நுழைவதை இந்தப் பக்கத்து ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகிறார்கள். சாரி போகும் சாலை ஓரத்திலேயே நாங்களும் பார்த்தோம்: வெட்டுப்பட்டு மொட்டையாக நிற்கிற பாஞ்ச், அதன் காலடியில் இடுப்பளவு சீட்.

"பார், மேலே வருகிறது" என்றேன்.

"வருது சரி. ஏன் வருதுன்னு பார்த்தியா?" என்று சித்தப்பா அந்த மொட்டை மரத்தைக் காட்டினார். பாஞ்ச் இலை நல்ல மாட்டுத் தீவனம், கட்டை நல்ல விறகு. கிளை கிளையாக வெட்டி மரம் குடையிழந்து நின்றால் தரைக்கு வெயில் வரும். வெயிலும் காய்ந்த மண்ணும் சீட் விதைக்குப் பிடித்தமானவை. மெல்லிய சிறகு விதை, காற்றில் எங்கும் போகும். அப்புறம் தீ. பிருல் பிடித்து எரிந்தால் தடித்த பட்டை கொண்ட பெரிய சீட் தப்பிவிடும், பாஞ்ச் கன்று கருகிவிடும். "இதுல க்ளைமேட் எங்க இருக்கு? கோடாரியும் தீக்குச்சியும்தான் இருக்கு."

அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் விஷயம் இருக்கிறது. குளிர்கால மழையும் பனியும் குறைந்து ஏப்ரல், மே மாதங்கள் வறண்டு கிடந்தால் அதே தீக்குச்சி வேறு வேலை செய்யும். 2024 ஏப்ரல் கடைசியில் நைனிதால் பக்கம் எரிந்த தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டியிருந்தது. அதற்கடுத்த மாதம் மாநில அரசு பிருல் பொறுக்கிக் கொண்டு வந்தால் கிலோவுக்கு 50 ரூபாய் என்று அறிவித்தது. அதுவரை இருந்தது 3 ரூபாய். கோடாரி கதவைத் திறந்து வைக்கிறது, வறட்சி உள்ளே தள்ளிவிடுகிறது. இரண்டையும் பிரித்து இத்தனை சதவீதம் இது என்று சொல்வது யாருக்குமே கஷ்டம்தான்.

தேவரியா தாலில் தண்ணீர் இருந்தது, சௌகம்பா இல்லை. ஏரியில் அந்த மலை தலைகீழாகத் தெரியும் என்றுதான் எல்லாப் படத்திலும் இருக்கும். எங்களுக்குப் புகை மூட்டம். எங்கோ கீழே காடு எரிந்துகொண்டிருக்கிறது.

தங்கியிருக்கும் வீட்டில் தீதி (அக்கா) புராஞ்ச் சர்பத் கொடுத்தார். ரோடோடென்ட்ரான் பூவில் செய்வது, அடர்ந்த சிவப்பு, லேசான புளிப்பு. புராஞ்ச் உத்தராகண்டின் மாநில மரம். மார்ச், ஏப்ரலில் பூக்க வேண்டியது, சில வருடம் ஜனவரி கடைசியிலேயே பூத்துவிடுகிறது என்று தீதி சொன்னார். "அப்போது பனி விழுந்தால் பூ கருகிவிடும். பாட்டில் எண்ணிக்கை குறைந்துபோகும்."

இந்தப் பூவைப் பார்த்ததும் சித்தப்பா முகம் மாறிவிட்டது. நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று சொல்வோமே, சோலை ஓரத்திலும் புல்வெளியிலும் முறுக்கிக்கொண்டு நிற்கும் சிவப்புப் பூ மரம், அது இதே இனத்தின் தெற்கத்திக் கிளை. இடையில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு இந்த மரமே கிடையாது. பனியுகத்தில் இந்தியா முழுக்கக் குளிர்ந்து கிடந்தபோது, குளிர்ப் பிரதேசச் செடிகள் இடைப்பட்ட தாழ்ந்த மலைகள் வழியாகத் தெற்கே வந்தன. சூடு திரும்பியபோது உயர்ந்த சிகரங்களில் ஏறி அங்கேயே மாட்டிக்கொண்டன என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஊட்டி பக்கம் சாண்டிநல்லா பள்ளத்தாக்கின் கரிச் சேற்றை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் மற்றவர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு உண்டு. சேற்றில் உள்ள கார்பன் வகையை வைத்து எந்தக் காலத்தில் வெப்பமண்டலப் புல் அதிகம், எந்தக் காலத்தில் மரமும் மற்றச் செடிகளும் அதிகம் என்று சொல்ல முடியும். பனியுக உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், அங்கே வறட்சி. புல் கை ஓங்கியிருந்தது. பின்னால் மழை வலுத்தபோது நிலைமை மாறியது. ஆக, சோலைக்கும் புல்வெளிக்கும் இடையிலான எல்லை முன்பும் நகர்ந்திருக்கிறது. அப்போது அதற்கு ஆயிரக்கணக்கான வருடம் கிடைத்தது.

தொட்டபெட்டா 2,637 மீட்டர். காட்டுப்பூவரசுக்கு அதற்கு மேல் ஏற இடம் இல்லை. இமயமலைப் புராஞ்சுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

மே 6, சோப்தா

மழை. மதியம் ஆலங்கட்டி. அறையில் உட்கார்ந்து மேகி.

இடையில் இரண்டு மணி நேரம் விட்டபோது சாலைக்கு மேலே உள்ள கர்சு காட்டுக்குள் போனோம். இதுவும் ஓக்தான், ஆனால் 2,400 மீட்டருக்கு மேல் வாழ்கிற ஓக். பெரிய பெரிய மரங்கள், தொங்கும் பாசி, அடியில் ரிங்கால் என்கிற குட்டை மூங்கில். பெரியவர்கள் நிறைய. சின்னவர்களைத் தேட வேண்டியிருந்தது. இந்த மரத்தில் ஒரு விசித்திரம்: விதை ஜூலை, ஆகஸ்டில், நல்ல மழைக்காலத்தில் முற்றுகிறது, சில சமயம் மரத்திலேயே முளைவிட்டுவிடுகிறது. சால மரத்தைப் போலவே இதுவும் மழையோடு நாள் குறித்து வைத்திருக்கும் மரம். கொட்டை கனமானது, தானாக உருண்டால் கீழ்நோக்கித்தான் போகும். மேலே ஏற வேண்டுமென்றால் பறவையோ விலங்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டும். போன இடத்தில் சில நாளில் வேர் பிடிக்க வேண்டும். பிடித்தபின் எருமை மேயாமல் இருக்க வேண்டும்.

"இத்தனை வேண்டுதல் நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்குக்கூட வெச்சதில்ல" என்றார் சித்தப்பா.

இரவில் அவரோடு நீண்ட பேச்சு. பருவநிலை மாறும்போது காடு முழுதாக, படிக்கட்டில் ஏறுவது போல, ஒரே வரிசையாக மேலே போகும் என்று படம் போட்டுக் காட்டுகிறார்களே, அது எனக்கு எப்போதுமே சந்தேகம். பிரான்ஸ் மலைகளில் 171 காட்டுத் தாவரங்களை எடுத்து 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. சராசரியாகப் பத்தாண்டுக்கு 29 மீட்டர் மேலே போயிருந்தன. ஆனால் சராசரிக்குள்ளே பார்த்தால் சின்னச் செடிகள் வேகமாக நகர்ந்திருந்தன, நீண்ட ஆயுள் கொண்ட மரங்கள் அவ்வளவு அசையவில்லை. அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் 86 மர இனங்களைப் பற்றி 2017-இல் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. சூட்டுக்குப் பயந்து வடக்கே போகும் என்று எதிர்பார்த்தால், வடக்கே நகர்ந்தவற்றைவிட மேற்கே நகர்ந்தவை அதிகம். மேற்கில் மழை கூடியிருந்தது. பெரும்பாலும் இளங்கன்றுகள் தண்ணீரைத் தொடர்ந்து போயிருக்கின்றன. ஒவ்வொரு மரத்துக்கும் தனிக் கணக்கு. யார் முதலில் போகிறார், யார் தங்கிவிடுகிறார் என்பதில் பழைய கூட்டாளிகள் பிரிந்துபோகிறார்கள், புதிய சேர்க்கைகள் உருவாகின்றன.

சித்தப்பா ஒத்துக்கொண்டாரா தெரியாது. தூங்கிவிட்டார்.

மே 7, துங்கநாத், சந்திரசிலா

நான்கரை மணிக்குக் கிளம்பினோம். மழை கழுவிவிட்டதில் வானம் சுத்தம். சோப்தாவிலிருந்து துங்கநாத் கோயிலுக்கு நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, முழுக்கக் கல் பாவிய பாதை. கோவேறு கழுதைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதற்கே பாதி நேரம் போகிறது.

முதலில் கர்சு. அதற்குள்ளே கூம்பு வடிவில் ஃபிர் மரங்கள், அங்கங்கே புராஞ்ச். கீழே ரத்தச் சிவப்பாக இருந்த பூ இங்கே இளஞ்சிவப்பு. அப்புறம் மரங்கள் குட்டையாகின்றன, இடைவெளி கூடுகிறது. 3,300 மீட்டரைத் தாண்டியபின் ஏதோ ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தால் மரம் எல்லாம் நமக்குக் கீழே நிற்கிறது. இதுதான் மரக்கோடு. மேலே இருப்பது புக்யால், அதாவது உயர்மலைப் புல்வெளி. உலகம் முழுக்க மரக்கோடு ஏறக்குறைய ஒரே விதியில் நிற்கிறது: வளரும் பருவத்தின் சராசரி வெப்பம் ஆறு டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும் இடம். அதற்குக் கீழே குளிர்ந்தால் மரத்துக்கு இலையில் சர்க்கரை சேரும், ஆனால் புதுத் திசு கட்ட முடியாது. சாப்பாடு இருந்தும் உடம்பு வளராத நிலை.

கோட்டுக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு பட்டை, அதில்தான் சிம்ரு. இதுவும் ரோடோடென்ட்ரான், ஆனால் மரமாக நிமிராமல் தரையோடு படர்ந்து, பனியின் கனத்தில் முழங்கை மடக்கியது மாதிரி வளைந்த தண்டு. கத்தரிப்பூ நிற மொட்டுகள் சில இடங்களில் பிரியத் தொடங்கியிருந்தன. பட்டைக்கு வெளியே, புல்லுக்கு நடுவே, அங்கங்கே தனியாக முழங்கால் உயரச் சிம்ருச் செடிகள். சித்தப்பா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஃபிர் கன்று ஒன்றையாவது காட்டு என்றேன். கோட்டுக்கு மேலே பாறை மறைவில் ஒன்று கிடைத்தது. ஒரு சாண் உயரம். ஃபிர் வருடத்துக்கு ஒரு வளையம் கிளை விடும் என்பதால் கணுக்களை எண்ணி வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம். பத்து வயதுக்கு மேல் என்றார்.

நேபாளத்தில் மனாஸ்லு பகுதியில் இதே ஃபிர் இனத்தின் தண்டிலுள்ள ஆண்டு வளையங்களை எண்ணிச் செய்த ஆய்வு 2014-இல் வந்தது. ஃபிரின் மேல் எல்லை வருடத்துக்கு 2.6 மீட்டர் அளவில் ஏறியிருந்தது. அதே சரிவில், பக்கத்திலேயே நின்ற பூர்ஜ மரம் (பழைய ஏடுகளை அதன் பட்டையில் எழுதினார்களே, அந்த போஜ்பத்ரா) இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஏன்? பூர்ஜத்தின் ஆண்டு வளையங்களைப் பார்த்த இன்னொரு குழு, அதன் வளர்ச்சியைத் தடுப்பது பருவமழைக்கு முந்தைய மாதங்களின் வறட்சிதான் என்று கண்டது. சூடு கூடினால் மண் இன்னும் சீக்கிரம் காயும். அதாவது ஃபிருக்குக் கதவைத் திறக்கும் அதே வெப்பம் பூர்ஜத்துக்குக் கதவைச் சாத்துகிறது. இமாச்சலில் நீல பைன் தெற்குச் சரிவில் பத்தாண்டுக்கு 19 மீட்டரும் வடக்குச் சரிவில் 14 மீட்டரும் ஏறியதாக 2003-இல் ஒரு கட்டுரை வந்தது. ஒரே மலை, ஒரே மரம், முகம் திரும்பினால் வேகம் வேறு.

இந்த வேகம் போதுமா என்றால் போதாது. பத்தாண்டுக்குக் கால் டிகிரி சூடேறுவதாக வைத்துக்கொண்டால்கூட வெப்பக் கோடு 40 மீட்டர் மேலே போய்விடும். ஓடுகிற ஃபிரே 26 மீட்டர்தான். உலகச் சராசரி 1.5 டிகிரியோடு நின்றாலும் வடமேற்கு இமயமலையும் காரகோரமும் அதைவிட 0.7 டிகிரியாவது கூடுதலாகச் சூடாகும் என்று 2019-இல் வந்த இந்துகுஷ் இமயமலை மதிப்பீடு சொல்கிறது.

கோயில் வாசலில் உயரம் 3,680 மீட்டர் என்று பலகை. நல்ல கூட்டம், செருப்பு வைக்க இடமில்லை. கும்பிட்டுவிட்டு சந்திரசிலா ஏறினோம். உச்சியில் நந்தாதேவி, திரிசூல், சௌகம்பா, கேதார் சிகரங்கள் எல்லாம் வரிசையாக. படம் எடுக்க நூறு பேர். நான் அந்தப் பக்கம் பார்த்ததைவிடக் கீழே புக்யாலைப் பார்த்தது அதிகம். இந்தச் சிகரத்தில் புல்வெளிக்குக் கிடைத்திருக்கும் இடம் சில நூறு மீட்டர் உயரம்தான். மேலே போகப் போக மலை கூராகி நிலமும் குறைகிறது. கீழேயிருந்து சிம்ரு ஏறி வந்தால் குட்கி, அதிஸ் போன்ற மருந்துச் செடிகளுக்கு நகர இடம் எங்கே? மரம் ஏறுகிறது என்று கேட்டால் நல்ல செய்தி மாதிரி இருக்கும். புல்வெளிக்கு அப்படி இல்லை. புல்வெளியை வெறும் காலி இடமாக நினைப்பது நம் ஊரிலும் உள்ள பழக்கம்தான்.

இறங்கும்போது சித்தப்பா வழக்கம் போல மாட்டைக் கொண்டுவந்தார். மேய்ச்சல் குறைந்தாலும் மரம் ஏறும் என்றார். இதுவும் உண்மை. சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மரக்காடு விரிந்ததற்குப் பெரும் காரணம் மேய்ப்பர்கள் மலையைக் கைவிட்டதுதான், வெப்பம் இரண்டாவது என்று கண்டிருக்கிறார்கள். இங்கே 2018-இல் உயர் நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்கத் தடை போட்டது. கூடார வியாபாரம் கீழே வந்துவிட்டது. ஆனால் எருமைகளை இன்று காலையும் பார்த்தோம்.

மே 8, மண்டல் வழியாகக் கோபேஷ்வர்

சோப்தாவிலிருந்து மண்டல் இறங்கும் சாலை இந்தப் பயணத்திலேயே நல்ல சாலை. கேதார்நாத் வனவிலங்கு சரணாலயம் வழியாகப் போகிறது. நேற்று ஏறிய வரிசை இன்று தலைகீழாக: ஃபிர், கர்சு, மோரு (இன்னொரு ஓக்), பாஞ்ச்.

மண்டலில் 1973 ஏப்ரலில் கிராமத்தார் 'அங்கு' என்கிற மரங்களைக் காப்பாற்றினார்கள். அது ஒருவகை ஆஷ் மரம், ஏர் செய்ய ஏற்றது. ஊராருக்குத் தர மறுத்த மரத்தை அரசு விளையாட்டுச் சாமான் கம்பெனிக்குக் கொடுத்தது. மரங்களைக் கட்டிப்பிடித்துக் காத்த சிப்கோ இயக்கம் தொடங்கியது இந்த ஊரில்தான். ஊரில் தேநீர்க் கடைக்காரரிடம் கேட்டபோது இப்போது ஏர் யாரிடம் இருக்கிறது என்று சிரித்தார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு நாற்றங்கால். சித்தப்பா பழைய உத்தியோக உரிமையில் உள்ளே நுழைந்துவிட்டார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மர விதைகளைப் பழைய எல்லைக்கு வெளியே, வருங்கால வெப்பத்தை யோசித்து நடுகிறார்கள், 2009 முதல் அதற்குச் சோதனைத் தோட்டங்கள் போட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. நீலகிரிப் புல்வெளியில் நல்லது என்று நினைத்து நட்ட சீகை, அதாவது வாட்டில், இன்றைக்கு என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரியும். பிடுங்கும் வேலையையும் அவரே பார்த்திருக்கிறார். ஆனால் ஆஸ்திரேலிய மரத்தைக் கொண்டுவருவதும் இதே மலையின் பாஞ்சை 200 மீட்டர் தள்ளி நடுவதும் ஒன்றா? ஒன்று இல்லை என்று மெதுவாக ஒத்துக்கொண்டார். புல்வெளியில் மட்டும் நடக்கூடாது என்றார். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

நாற்றங்கால்காரரிடம் பாஞ்ச் நாற்று நிறைய இருந்தது. கர்சு எங்கே என்று கேட்டோம். மூலையில் சில பைகள்.

"ஏன் இவ்வளவு குறைச்சல்?"

"கொட்டை விழுவது ஜூலை, ஆகஸ்டில் பைஜி. எடுத்தவுடனே விதைக்க வேண்டும், வைத்தால் கெட்டுவிடும். அந்த மாதங்களில் மேலே போகும் சாலையே சரிந்து கிடக்கும். போன வருடம் இரண்டே தடவைதான் போக முடிந்தது."

சித்தப்பா அவரிடம் கொட்டையை ஈரப் பாசியில் சுற்றிக் கொண்டுவருவது பற்றி அரை மணி நேரம் பேசினார். எனக்கு ஹிந்தி அவ்வளவு வராது, அவருக்கு அதைவிடக் குறைவு. எப்படியோ இருவருக்கும் புரிந்தது. ஆகஸ்டில் போன் செய்யச் சொல்லி எண் வாங்கிக்கொண்டார். இப்போது கோபேஷ்வரில் அறை. நாளை காலை ஆறு மணிக்கு ரிஷிகேஷ் பஸ்.